பல்லைப் பிடித்துப் பார்ப்பவள்

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
நான் காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறேன்.

மான்டெவிடியோவில்
ஜூலை பதினெட்டு என்று பெயர் வைத்த சாலைக்குப் பின்னால்
இரண்டாம் மாடியில் பல்செட் செய்பவள்.
ஆறு மணிக்கு மெழுகு உருக்கும் அடுப்பை அணைத்து
நகத்திடுக்கில் ரோஸ் நிறப் பொடியோடு
படத்துக்குப் போய்விடுவேன்.
ஏழாம் வரிசை, ஓரத்து இருக்கை.

திங்கட்கிழமை பஞ்சப் படம்.
முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மலையூர்,
மரப்பட்டையை வேகவைத்துத் தின்கிறார்கள்.
நாயகி வானத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதாள்.
முப்பத்திரண்டும் முத்து.
பக்கத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.
எனக்கோ அந்த ஊர்ப் பல்வைத்தியரின்
முகவரி வேண்டியிருந்தது.

புதன்கிழமை கலங்கரை விளக்கம்.
மூன்று மணி நேரம், இரண்டு சகோதரர்கள், ஒரு படகு.
நாற்பதாவது நிமிஷம் தூங்கிப்போனேன்.
விழித்தபோது அதே கடல், அதே படகு,
சகோதரர் மட்டும் ஒருவர்.
மற்றவர் எங்கே என்று யாரைக் கேட்பது?
வீட்டுக்கு நடக்கையில் ஆற்றுக்காற்று காதை அறுத்தது
(ஆறென்றுதான் சொல்கிறோம், அக்கரை தெரிந்ததில்லை).
அப்போதுதான் பயம் வந்தது, தாமதமாக.
நல்ல படமாகத்தான் இருக்கவேண்டும்.

வியாழன் சிரிப்புப் படம். அழுதேன்.
சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டே
வீடெல்லாம் சாவியைத் தேடும் மனிதன்,
அரங்கமே குலுங்கிற்று.
ஏன் அழுதாய் என்று கேட்காதீர்கள்.
சொன்னால் எவாரிஸ்டோவின் பெயரைச் சொல்லவேண்டி வரும்,
அவனுக்கு இந்தக் கவிதையில் இடமில்லை.

சனிக்கிழமை நம்மூர்ப் படம்.
மழைக்குப் பொரித்த மாவுப் பண்டத்தைக் கைக்குட்டைக்குள் ஒளித்து
எதிர்பார்ப்பே இல்லாமல் உட்கார்ந்தேன்.
கதையில் ஒரு கல்யாணம்.
மணமகன் மேஜைமேல் ஏறுகிறான், கேமரா அவனை விட்டுக்
கூட்டத்தின்மேல் ஒரு வீச்சு வீசுகிறது.
தூணோரம் ஒரு கிழவர் சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பு என்னுடையது.

மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது பல்
அண்டை பல்லின்மேல் அரை மில்லிமீட்டர் ஏறியிருக்கும்.
நிறம் ஏ-மூன்று, கொஞ்சம் காப்பிக்கறை சேர்த்தது.
"நேராக வைத்துவிடாதே, அம்மணி,
சீழ்க்கை வராது" என்றார் வில்மர் எச்செகோயென்,
முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டியவர்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்,
அவருக்குச் சொல் பெரிதில்லை.
நான்கு முறை திருப்பி அனுப்பினார்.
நான்காம் முறை நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தேய்த்தேன்.
ஐந்தாம் முறை என் பட்டறையில் நின்று ஊதிக் காட்டினார்;
கீழே தெருவில் ஒரு டாக்ஸி நின்றுவிட்டது.

படத்தில் நடித்தேன் என்று சொல்லவேயில்லை.
ஏப்ரலில் போய்விட்டார்.
பல்செட்டைக் கழற்றித்தான் புதைத்தார்களா,
கேட்க வாய் வரவில்லை.

திரையில் அவர்
இரண்டு விரலை உதட்டுக்குக் கொண்டுபோகிறார்.
கன்னம் உப்புகிறது.
வெட்டு.
கேக், மெழுகுவர்த்தி, மணமகளின் கண்ணீர்.

ஞாயிறும் போனேன். செவ்வாயும்.
சீட்டுக் கொடுக்கும் இடாலினா
"அவ்வளவு நல்ல படமா?" என்றாள்.
கதை சுமார், பின்னணி இசை அதிகம்,
மணமகளுக்கு முன்பல் இரண்டும் பீங்கான்,
யாரோ அவசரமாகச் செய்தது என்றேன்.
"பிறகு?"
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

ஏழாம் வரிசை.
மேஜைமேல் ஏறுகிறான் மணமகன்.
என் நாக்கு தானாகவே
என் இடப்பக்க இரண்டாம் பல்லைத் தேடிப் போகிறது.
அது நேராக இருக்கிறது.
ஊதிப் பார்க்கிறேன், மெல்ல,
வெறும் காற்று.
முன்வரிசைக்காரர் திரும்பி
உஷ் என்கிறார்.